ஆடி: ஒன்று

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி
சேலம் வட்டார அலுவலகத்துக்கு ஓர் எண் அனுப்ப வேண்டும்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து கட்டிகானப்பள்ளி வரைக்கும்
போன மாதம் எத்தனை வீடு கைமாறியது.
வீட்டுக்கடன் கம்பெனியில் என் வேலை அதுதான்,
மற்றதெல்லாம் விசிட்டிங் கார்டில் இருப்பது.

பத்திர எழுத்தர் வாஜித் பாயின் மேஜையோரம் உட்கார்ந்து
அவர் நோட்டைப் பார்த்து எழுதுவேன்.
கிரயம் மட்டும் போதும் என்றது சேலம்.
அப்பன் பிள்ளைக்குத் தானமாக எழுதிய வீடும்
தங்கை கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த வீடும்
சந்தையில் சேராது.

அனுப்புவது ஜூலை, ஆகஸ்ட்.
என்னிடம் இன்னொரு நோட்டு உண்டு: ஆனி, ஆடி, ஆவணி.
இங்கிலீஷ் மாதத்தில் தள்ளாடும் கோடு
தமிழ் மாதத்தில்தான் நடக்கும்.
தையில் முப்பத்தொன்று.
ஆனியில் மாங்கூழ் ஆலைகள் பாக்கியைத் தீர்த்தால்
சந்தூர்ப் பக்கமிருந்து மஞ்சள் பையில் முன்பணம் வரும்,
தீர்க்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு பல் விழுந்திருக்கும்.
மார்கழி இரண்டோ மூன்றோ, அதுவும் வெளியூர்க்காரர்கள்.
ஆடி: பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
மூன்றாவதை மை மிச்சம் பிடித்துச் சின்னதாகப் போட்டிருந்தேன்.

நாலாவது ஆடி. வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால்,
ராகுகாலம் வேறு.
மாதேஸ்வரி வந்தார், அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு நர்ஸ்.
இரவு டியூட்டி முடித்த கண், கையில் டிபன் கேரியர்.
பின்னால் முகம் கொடுக்காமல் ஜெயபாலன்.

வரிசையாக ஆறு வீடு கட்டி நாலை விற்றவர்.
மிச்ச இரண்டிலும் சித்திரையிலிருந்து
பூட்டிய கதவுக்குள் வட்டிதான் குடியிருந்தது.
வட்டிக்குத் தெரியுமா ஆடியும் ஆவணியும்.

வைகாசியில் இருபத்தெட்டரை சொன்னாராம்.
ஆனிக் கடைசியில் இருபத்தேழு.
"ஆடி பிறக்கட்டும்" என்று இந்தம்மா எழுந்து போய்விட்டாராம்.
ஆடி மூணாம் நாள் அவரே போன் போட்டு
இருபத்தைந்தே கால்.

"சேலைக்கு மட்டும்தானா ஆடித் தள்ளுபடி?"

டோக்கன் எண் ஒன்று.
அன்றைக்கு இரண்டு கிடையாது.

வாஜித் பாய்க்கே மனசு கேட்கவில்லை.
"பன்னெண்டு தாண்டி வெச்சுக்கலாமேம்மா."
"போன வெள்ளி இதே நேரத்துல ஒரு பிரசவம் பாய்.
மூணே கால் கிலோ.
உள்ள போயிட்டு அப்புறமா வான்னா சொல்றது?"

ரேகை வைத்தார். கேமராவைப் பார்க்கச் சொன்னபோது
கொட்டாவியை அடக்கினார்,
அந்த முகம்தான் பத்திரத்தில் இருக்கிறது.
கொடுத்த விலையும் எழுதிய விலையும் ஒன்று,
என் நோட்டில் அதுவும் முதல் தடவை.

கடன் தேவைப்படுமா என்று கார்டை நீட்டினேன்.
வட்டி கேட்டார். சொன்னேன்.
"ஆடிக்குக் குறையுமா?"
கார்டு என் கைக்கே திரும்பி வந்தது.

ஆடி: ஒன்று.
அடுத்த வருஷம் நாலு:
இரண்டு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன்,
ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருத்தர்.
இந்த வருஷம் ஒன்பது.
அதைப் பாதி ஜூலை, பாதி ஆகஸ்ட் என்று வெட்டி அனுப்பினேன்,
சேலத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜெயபாலனுக்குத் தெரிந்திருந்தது.
ராயக்கோட்டை ரோட்டில் பெரிய போர்டு, "ஆடிச் சலுகை".
விலையை ஆனியிலேயே ஏற்றி வைத்துவிட்டார்.

ஒன்பதாவது பத்திரத்துக்குச் சாட்சியாக வந்த மாதேஸ்வரி
கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே
டீக்கடைப் பக்கம் நின்ற ஜெயபாலனைப் பார்த்தார்.
பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.
"மார்கழியில எத்தனை சார்?"

இரண்டோ மூன்றோ என்றேன்.
தலையாட்டிக்கொண்டே படி இறங்கினார்.

அந்தப் பக்கத்தில்
கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.