ஓம் விகுதி

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
பதினாறு வருடமாக நான் பிறருடைய நான்.
கூண்டில் நிற்பவன் தமிழில் சொல்வதை
மலாயில் அவனாகவே சொல்ல வேண்டும்.
குத்தினானாம் என்று தள்ளி நிற்கக் கூடாது.
குத்தினேன் என்பேன்,
மடியில் கைப்பையோடு,
மத்தியானம் நாசி லெமாக் கிடைக்குமா என்ற நினைப்போடு.

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.
"முடிச்சிட்டோம்."
நாமா நாங்களா, சொல்லவில்லை.
தமிழ் வினை அப்படித்தான்
வாலுக்குள் ஆளை ஒளித்துக்கொள்ளும்.
மலாயில் ஒளிய இடமில்லை.
கேட்பவரையும் சேர்த்தால் கித்தா
சேர்க்காவிட்டால் காமி.
காமி என்றேன்.
நீதிபதியின் பேனா நின்றது.
அதுவரை அந்த வழக்கில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

அடுத்த செவ்வாய்
ஜெலுத்தோங், பதினோராம் மாடி, மூலை வீடு,
என் கதவுப் பிடியில் தொங்கியது
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி.
சீனி போடாதது, நான் குடிப்பது போல.
தொட்டேன்.
சூடு.

போலீஸ் புகாரை எழுதிக்கொண்டது.
கோப்பியைக் கொட்டிவிடச் சொன்னது.

பூட்டை மாற்றினேன். மறுபடி மாற்றினேன்.
மூன்றாம் தடவைதான் பூட்டுக்காரரின் பெயரைக் கேட்டேன்.
ஜீவேந்திரன்.
சந்தை முனையில் குடைக்கடியில் கடை,
சட்டைக்கை மடிப்பில் பித்தளைத் தூள்.
கதவுக்கு ஒன்று, படிக்கட்டோரக் கிரில்லுக்கு ஒன்று
பூட்டிக் காட்டினார்.
"சாவி தயங்காது மிஸ்," என்றார்
திருகாணியைப் பல்லில் கடித்தபடி.
"தயங்கினா அது கம்பி."
அன்றிரவு அதை மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
பிறகு அவர் குரலில்.
நாற்பத்தொரு வயதில் இது என்ன கூத்து என்று
விளக்கை அணைத்தேன்.

கிரில் பூட்டின் அட்டைப்பெட்டி சொன்னது: சாவிகள் மூன்று.
என்னிடம் இரண்டு.

அதன்பின் அவர் பேச்சில்
வினைமுற்றுகளை மட்டுமே கேட்டேன்.
வந்தேன், சாப்பிட்டேன், கடையைச் சாத்தினேன்.
எங்காவது ஒரு ஓம் நழுவுகிறதா?
ஒருமுறை நழுவியது.
"நேத்து மழைக்கு ஒதுங்கினோம்."
யாரோடு என்றேன். தொண்டை உலர்ந்திருந்தது.
"பூனையோட."
சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தேன்.
ஆசைக்கும் சந்தேகத்துக்கும் எனக்கு
இருந்தது ஒரே ஜோடிக் காது.

தீபாவளிக்கு நாலு நாள். கரண்ட் போன இரவு.
இரண்டு பத்துக்குக் கதவுப் பூட்டில் ஏதோ நுழைந்தது.
நின்றது.
யோசித்தது.

கம்பி.

நடைபாதையின் அந்தக் கடைசியில் இன்னொரு சத்தம்,
ஒரே திருப்பு, யோசனையே இல்லை.
ஒன்பது இரவாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாராம்
கொசுவர்த்தியும் பூனையும் மூன்றாம் சாவியுமாக.

கதவுக்குப் பின்னால் நான்.
கிரில்லுக்குப் பின்னால் அவர்.
நடுவே இருபதடி இருட்டில், கத்தியோடு, பூட்டப்பட்டு, அவன்.

"கோகிலம், திறக்காதே."
மிஸ் போய்விட்டிருந்தது.

போலீஸ் வரப் பதினெட்டு நிமிடம்.
அவன் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தோம்.
பிரிட்ஜில் இட்லி மாவு புளித்துவிடுமே என்றேன்.
கரண்ட் வந்துவிடும் என்றார்.
பூனைக்குப் பெயர் வைத்தீர்களா என்றேன்.
அவன் கதவை உதைத்தான், கிரில்லை உதைத்தான்,
ஒரு கட்டத்தில் உதைப்பதை விட்டுவிட்டு
அவனும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

விடிந்து, நிலையத்தில் வாக்குமூலம்.
மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்றார் அதிகாரி.
வேண்டாம்.
அவனை உள்ளே வைத்துப் பூட்டியது யார்?
பூட்டியது அவர். நான் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.
சட்டப்படி அதுதான் சரியான பதில்.
பக்கத்து நாற்காலியில் பித்தளைத் தூளோடு
தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
காமி, என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டு
அடுத்த கேள்விக்குப் போனார்.
நான் போகவில்லை.