கை வைத்தபோது சூடாக இருந்தது

மார்ச் மாதம் களஞ்சியத்துக்குள் கையை விட்டேன்.
வெளியே பனி கலந்த மழை.
உள்ளே, முழங்கை ஆழத்தில்,
மக்காச்சோளம் சூடாக இருந்தது,
காய்ச்சல்காரன் கழுத்தைத் தொட்டதுபோல.

எங்கள் சமேக்ரெலோவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
கருங்கடல் தினமும் யாரையாவது தேடி வரும்.
அதற்காகத்தான் கால் நட்டு, மிலாறு பின்னி,
ஆளுயரத்தில் நாலியா கட்டிக் கதிரை அதில் கொட்டுகிறோம்.
என் நாலியாவின் கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை.
மழைக்கு முன்னால் அடைப்பதாக இருந்தேன்.
இருந்தேன்.

கதிர்களை உதறினேன்.
பச்சையும் சாம்பலுமாய்த் தூசு எழும்பி மூக்கில் ஏறியது.
ரொம்பக் கறுத்ததைக் குப்பையில் எறிந்தேன்.
மீதியை இரண்டு நாள் வெயிலில்
(அந்த மாதம் மொத்தமே இரண்டு நாள்தான் வெயில்)
பரப்பிக் காயவைத்தேன்.
உதிர்த்த பிறகு மஞ்சளாக, மணிமணியாகத்தான் இருந்தது.
எத்தேரி பார்த்தாள். மூன்று மூட்டை வாங்கினாள்.
விலையில் கொஞ்சம் குறைத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
தாராள மனசு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் நாற்பத்திரண்டு வான்கோழிக் குஞ்சுகள்.
ஜுக்திதி சந்தையில் வாங்கி,
அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள்.
சாவதற்குச் சாக்குத் தேடும் பிராணி அது.
ஈரம் பட்டால் போதும், கதவு சாத்தும் சத்தம் போதும்.
செந்தட்டியை நறுக்கி, அவித்த முட்டையோடு பிசைந்து
விரல் நுனியால் ஊட்டினாள்.
பிறகு குருணையாக உடைத்த என் சோளம்.

ஐந்தாம் நாள் இரை வேண்டாமென்றன.
ஆறாம் நாள் இறக்கை தொங்கிற்று,
அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட பையன்கள் மாதிரி.
அப்புறம் நடை தள்ளாடியது.
அப்புறம் தலையை முதுகுப்பக்கம் வளைத்து,
கால்களைப் பின்னால் நீட்டிக் கிடந்தன.
காலையில் ஏழு. சாயங்காலம் நான்கு.

குளிர்தான் என்றாள். குளிர்தான் என்றேன்.
யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள்.
இருக்கும் என்றேன்.
குஞ்சுகளுக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று
என் வீட்டு விளக்கொன்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கதகதப்பு!

கால்நடை மருத்துவர் நுக்ஸார் வந்தார்.
தன் காரின் முன்மூடிமேல் செய்தித்தாள் விரித்து
ஒரு குஞ்சைக் கிழித்தார்.
ஈரல் இருக்கவேண்டியதைவிடப் பெரிது, வெளிறல்,
நாள்பட்ட வெண்ணெயின் நிறம்.
அதில் குண்டூசி முனை முனையாக ரத்தம்.
என்ன தின்றன என்றார்.
எத்தேரி ஒரு கை சோளம் அள்ளிவந்தாள்.
முகர்ந்தார். ஒரு மணியை நகத்தால் பிளந்தார்.

"பூசணத்தை யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள்.
அது கக்கிய நஞ்சு உள்ளேயே இருக்கும்.
காய்ந்தாலும் போகாது, வெந்தாலும் போகாது.
யாரிடம் வாங்கினாய்?"

எத்தேரி என் பக்கம் திரும்பவில்லை.
"சந்தையில்," என்றாள்.

பிறகு, அந்த "வெந்தாலும்" அவள் காதுக்குள் போய்ச் சேர
இவ்வளவு நேரம் எடுத்ததுபோல,
கைப்பேசியைத் தேடி ஏப்ரன் பையைத் துழாவினாள்.
மூன்றாவது மூட்டை மாவாகிவிட்டது.
போன ஞாயிறு மினிபஸ்ஸில்
திபிலிசியில் இருக்கும் மகளுக்குப் போய்விட்டது.
"ஊர் மாவில் கோமி கிண்டித் தின்னட்டும் என்று..."
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

"என்னிடம்தான் வாங்கினாள்," என்றேன்.
"மார்ச்சிலேயே எனக்குத் தெரியும்.
கை வைத்தபோது சூடாக இருந்தது."

நுக்ஸார் செய்தித்தாளை மடித்தார்.
எத்தேரி காதிலிருந்து கைப்பேசியை எடுக்கவில்லை.
மிச்சம் ஒன்பது குஞ்சுகள்.
அதில் ஒன்று தடுமாறி வந்து
என் பூட்ஸ் கயிற்றைக் கொத்திப் பார்த்தது,
இரையென்று.