குத்தூசி

கண்ணைக் காட்டத்தான் போனேன்.
டாக்டர் ஷெரின் முதுகைக் கேட்டார்.

மூணு நாளாய் வலது கண் ரத்தச் சிவப்பு,
வெளிச்சம் பட்டாலே குத்தல்.
'மெட்ராஸ் ஐ, மண்டிப்பக்கம் வராதே' என்று
கறுப்புக் கண்ணாடிக்குக் காசு கொடுத்து
அனுப்பியிருந்தார் முதலாளி.
இவரோ,
'விடியக்காலம் இடுப்பு மரமாய்க் கிடக்குமா?
நடமாடினால் இளகுமா?' என்கிறார்.

ஆறு வருஷமாய் யாரிடமும் சொல்லாதது.
மூட்டை தூக்காதவனுக்கு முதுகுவலி என்றால்
கீழமாசி வீதியே சிரிக்கும்.

ரத்தம் எடுத்தார்கள்.
எச்.எல்.ஏ. பி-இருபத்தேழு, பாசிட்டிவ்.
'லாரி நம்பர் மாதிரி இருக்கே' என்றேன்.
'என்ன வேலை செய்றீங்க?'
'குத்தூசி போடுறேன்.'

பிரிக்காத மூட்டைக்குள் சொருகி உருவினால்
ஊசியின் பள்ளத்தில் பத்துப் பருப்பு ஏறி வரும்.
வெளிச்சத்தில் காட்டணும்.
வண்டு இருந்தால்
மூட்டை வந்த வழியே திரும்பும்.

பேனாவைக் கீழே வைத்தார்.
'அதேதான்' என்றார்.

ஆறாம் குரோமோசோமில் இருக்கிறதாம் அச்சு.
அதில் வார்த்த புரதம்
உயிரணுவின் உள்ளே கிடப்பதில் ஒரு துணுக்கை,
ஒன்பது மணி நீளம்,
பள்ளத்தில் ஏந்தி வாசலுக்கு வந்து
நீட்டியபடியே நிற்குமாம் ராப்பகலாய்.
ரோந்து வரும் வெள்ளணு பார்க்கும்.
சொந்தச் சரக்கென்றால் நகரும்.
கிருமித் துணுக்கென்றால்
அந்த வீட்டையே தீர்த்துவிட்டுப் போகும்.

'என் ஊசியில் என்ன கோளாறு?'

'கோளாறுன்னு சொல்ல முடியாது.
சில வைரஸை உங்க ஊசி
மத்தவங்களோடதைவிட நல்லாவே காட்டிக்கொடுக்கும்.
முதுகெலும்புல மட்டும் ஏன் சண்டை மூளுதுன்னு
இன்னும் முழுசாத் தெரியல.
சரியா மடிய நேரமெடுக்கிற புரதம்னு
ஒரு பேச்சு இருக்கு.'

தெரியல என்று சொன்ன
முதல் டாக்டர்.

ஒச்சப்பனுக்கும் பார்த்தோம்.
தம்பிக்கும் அதே இருபத்தேழு.
அப்பன் தந்ததோ ஆத்தா தந்ததோ,
கேட்க ரெண்டு பேரும் இல்லை.
அவன் உளுந்து மூட்டையை முதுகில் வாங்கி
லாரிப் பலகையில் ஓட்டமாய் இறங்குகிறான்.
கண் ரெண்டும் வெள்ளை வெளேர்.
ரிப்போர்ட்டை நாலாய் மடித்து
டவுசர் பையில் திணித்துவிட்டு
ரெண்டு டீ சொன்னான்.

அன்றிலிருந்து
அவன் குனியும்போதெல்லாம் என் பார்வை போகிறது.
பங்கு சமமாய் விழவில்லையே என்று ஒரு கண்ணும்
விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கண்ணும்.
எது சிவந்த கண்
என்று கேட்காதீர்கள்.

இன்றைக்குத் துவரை லோடு.
கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டிருந்தேன்.
குத்தி உருவினேன்.
பள்ளத்தில் மஞ்சளாய் ஒரு கலங்கல்.
நடுவில் கறுப்பாய் ஏதோ.
வண்டா, தோல் போகாத பருப்பா?
'என்னடா, இறக்கலாமா? திருப்பலாமா?'
கல்லாவிலிருந்து குரல்.
பலகை மேல் முதல் மூட்டைக்கு
முதுகு கொடுத்து நிற்கிறான் தம்பி.

'கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி'
என்றேன்.
இன்னொரு மூட்டையில்
ஊசியை இறக்கினேன்.