வீட்டைச் சுற்றிப் பள்ளிக்கு

முதல் அட்டவணையைப்
பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதினேன்.
ஒன்பது மணி தமிழ், ஒன்பது நாற்பது கணக்கு.
மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
அரிசி டின்னுக்கு மேலே ஒட்டினேன்.
புதன்கிழமை அந்தத் தாள்
தேன்குழலுக்கு எண்ணெய் ஒற்றப் போய்விட்டது.

சேவுகனுக்கு ஆறாம் வகுப்பு. புதுப் பள்ளி.
டீச்சர் முகம் பெருவிரல் அளவுக்குத்தான் பழக்கம்.
படுத்தபடியே 'உள்ளேன் மிஸ்' சொல்லிவிட்டுப்
போர்வைக்குள் போகிறவனை
என்ன சொல்லி எழுப்ப?
இரண்டு கிலோ ஆர்டர் நிற்கிறது;
மாவு பிழிகிற கையால்
அடிக்கவும் முடியாது.

கோட்டையூரில் நாங்கள் இருப்பது
ஒரு பெரிய வீட்டின் கடைசிக் கட்டு.
முகப்பு ஒரு தெருவில்,
எங்கள் கதவு அடுத்த தெருவில்.
நடுவில் இருப்பதெல்லாம்
பதினேழு பங்குக்காரர்களின் பூட்டு.
சிக்னல் ஒரே ஒரு மூலையில்.

இரண்டாவது அட்டவணையில் மணியே கிடையாது.
எதிர்வீட்டில் மோட்டார் போட்டால் எழுந்திருக்க வேண்டும்.
முதல் ஈடு இட்லி இறங்குவதற்குள் பல் தேய்த்திருக்க வேண்டும்.
போனில் எண்பது சதவீதம் இருந்தால் கணக்கு.
நாற்பதில் அறிவியல்.
பதினைந்துக்குக் கீழே வரலாறு,
அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்று
அவன் அப்பா சொல்லிவிட்டார்.
அவருக்கு லோடு கிடைத்த நாளில்
போனும் வண்டியேறிப் போய்விடும்.
அன்றைக்குப் பள்ளிக்கூடம்
ராத்திரி எட்டரைக்கு
சிமெண்டுத் தூசியோடு
சட்டைப் பையில் வந்து சேரும்.

அதுவும் போதவில்லை.
"இங்கேயே தூங்கி இங்கேயே தின்னு
இங்கேயே படிச்சா
எது எதுன்னு தெரியலைம்மா" என்றான்.
தெரிந்தவள் போலத் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் தலை வாரிப் பையை மாட்டி,
போன வருஷத்து ஷூ ஏறாமல்
செருப்பில் கால் நுழைத்து,
"போயிட்டு வர்றேன்" என்றான்.
எங்கேடா?
"ஸ்கூலுக்கு."

எங்கள் கதவில் இறங்கி
மதிலை ஒட்டியே நடந்து
சந்தில் திரும்பி
முகப்புத் தெருவில் பூட்டைப் பார்த்துவிட்டு
மறு சந்தில் திரும்பி
எங்கள் கதவுக்கே வந்து தட்டினான்.
எட்டு நிமிஷம்.
இவ்வளவு நீளத்துக்கு வீடு கட்டியவர்களை
அன்றைக்குத்தான் வாழ்த்தினேன்.
சின்ன வீடாக இருந்திருந்தால்
பள்ளி ரொம்பப் பக்கத்தில் இருந்திருக்கும்.

உள்ளே வந்தவன் என்னிடம் பேசவில்லை.
பள்ளியில் அம்மாக்கள் கிடையாதாம்.
அதே பாய், அதே அரிசி டின், அதே புகை.
சிக்னல் மூலையில் பலகையைப் போட்டு
முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.
நாலு மணிக்கு மறுபடி ஒரு சுற்று,
இந்த முறை எதிர்த்திசையில்.
வந்ததும் பையை வீசிப் பசிக்குது என்றான்.
வீசியதற்குத் திட்டினேன்.
திட்ட நன்றாக இருந்தது.

எல்லா நாளும் நடந்ததென்று சொல்ல மாட்டேன்.
மழைக்கு இரண்டு நாள் அவனே லீவு விட்டான்.
ஒரு நாள் பாதிச் சுற்றில் நாய்க்குட்டியோடு நின்றுவிட
எண்ணெய்க் கரண்டியோடு தேடிப் போனேன்.

வெள்ளிக்கிழமை.
கடைசி ஈட்டை வடித்து அடுப்பை அணைத்தேன்.
உட்கார்ந்தால் மாவுப் பாத்திரம் கண்ணில் படுகிறது.
படுத்தால் எண்ணெய் டின்.
பதினோரு வருஷமாக
இந்த வேலையிலிருந்து ஒரு நாளும்
நான் வீட்டுக்குத் திரும்பியதில்லை.
கையைக் கழுவி வேறு சேலை கட்டினேன்.
"எங்கம்மா?"
வீட்டுக்கு.

சந்து. முகப்புத் தெரு. பூட்டு.
மதிலுக்கு மேல் ஒரு கொடுக்காப்புளிக் கிளை
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது,
இவன் இதைச் சொல்லவே இல்லையே.
மறு சந்தில் திரும்பும்போது
எண்ணெய் வாசம் கொஞ்சம் பின்தங்கியிருந்தது.

தட்டினேன்.
திறந்தவன் முகத்தைப் பார்க்கவில்லை,
நேரே கையைப் பார்த்தான்:
"என்ன வாங்கிட்டு வந்தே?"