மருந்துக்கடை இருந்த இடத்திலிருந்து

டனேலியாவின் வீட்டுக்கு எண் கிடையாது.
மனாகுவாவில் வழி கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள்:
மருந்துக்கடை இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் இரண்டு தெரு,
மேலே அரைத் தெரு, பச்சை கேட்.
மேலே என்றால் மாடி இல்லை,
சூரியன் கிளம்பும் திசை.
மருந்துக்கடையோ
நிலநடுக்கத்தில் விழுந்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது.
இப்போது அங்கே டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள்.

இரவு பதினொன்று.
தண்ணீர் பம்புகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறவள்
நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள்.
பதினேழாம் பம்பில் அழுத்தம் எவ்வளவு என்றால்
நூற்று அறுபத்து மூன்று கோடியே சொச்சம் என்கிறது திரை.
அத்தனை அழுத்தத்துக்கு
ஏரியே எழுந்து நடந்திருக்க வேண்டும்.

எண்ணை நான்கு பைட்டாக உடைக்கிறாள்.
கடைசியை முதலில் வைத்து எழுத்தாகப் படிக்கிறாள்:
ஒக்டா.
ஒக்டாவியோ!
பம்பு நிலையத்து இரவுக் காவலர்.
பத்து மணிக்குத்தான் வருகைப் பதிவு போட்டார்.

நமக்கு அ, இ, உ என்று சுட்டெழுத்து மூன்று.
அவளுக்கு ஒரு நட்சத்திரம் போதும்.
சுட்டியின் பெயரை மட்டும் சொன்னால்
அதன் கையிலுள்ள கதவிலக்கம் வரும்.
முன்னால் நட்சத்திரம் வைத்தால்
கதவைத் திறந்து உள்ளே இருப்பதை எடு என்று பொருள்.
உள்ளே யார் என்று அது விசாரிக்காது.
சுட்டி என்றால் நமக்கு
சொன்ன இடத்தில் நிற்காத பிள்ளை.
இது சொன்ன இடத்திலேயே நிற்கிறது,
அதுதான் கோளாறு.

வாசலில் பைக் சத்தம்.
கெசியோ கொண்டுவந்திருக்கிறான் ஹார்வின்,
வயது பத்தொன்பது இருக்கும்.
ஒரு போன்கூடப் பண்ணாமல் வந்துவிட்டான்.
"மருந்துக்கடை உனக்குத் தெரியுமா?"
"தெரியாது. அது இருந்த இடம் தெரியும்."
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறான்.
அடுத்த வீடு எங்கே என்று கேட்கிறாள்.
சின்ன மரத்திலிருந்து கீழே மூன்று தெருவாம்.
எந்த மரம் என்று அவள் கேட்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
இடத்தை அங்கேதான் விடுவித்திருக்கிறாள்.
சாவியை ஒப்படைத்தவள்
முகவரிச் சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறாள்.
காலி செய்த அறையை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை.
பழைய எண் பழைய எண்ணாகவே கிடந்து
ஒன்பது நாள் சரியான பதில் சொல்லியிருக்கிறது.
பத்தாம் நாள் ஒக்டாவியோ குடிவந்தார்.

அடியில் ஒரு வரி சேர்க்கிறாள்.
இனி நீ எதையும் காட்டாதே,
பூஜ்யத்தைப் பார்த்து நில்.
கேட்கும் இடத்தில் இன்னொரு வரி:
பூஜ்யமென்றால் கதவைத் தட்டாதே, புதிதாய் அளந்து வா.
பதினேழாம் பம்பு நான்கு புள்ளி இரண்டு என்கிறது.

என்ன திருத்தம் என்று ஒரு கட்டம் கேட்டது.
'ஊர் பண்ணுவதையே நிரலும் பண்ணியது' என்று எழுதி
அழித்துவிட்டு
'சுட்டி, வரி 212' என்று போட்டாள்.
கெசியோ ஆறிப்போயிருந்தது.
பிளாஸ்டிக் பையின் மூலையைக் கடித்தாள்.
கிரீம் முழங்கை வரை வழிந்தது.