சில்லறைத் தட்டுப்பாடு

பேரணாம்பட்டில் மூடிய தோல்ஷாப்பின்
பழைய கோப்புகளை எடைக்குப் போடச் சொன்னார் அதாவுல்லா.
ஹாம்பர்க்குக்கு ஏற்றிய ஆட்டுத்தோல், முந்நூறு டஜன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
துருவேறிய குண்டூசியில் ரசீதோடு
ஒரு சின்ன நோட்டு.

அரசாங்கம் அடித்ததல்ல.
செம்பும் நிக்கலும் சண்டைக்குப் போய்விட
சில்லறைக்காக ஏதோ ஓர் ஊர்
தானே அடித்துக்கொண்டது.
முன்பக்கம் தேவாலய மணிக்கூண்டு.
பின்பக்கம்
கொக்கி மூக்கு, பணமூட்டை,
ஊர் எல்லையில் ஓடுகிற யூதன்,
பின்னால் துடைப்பம்.
எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கட்டுமென்று
வரைந்தவன் பாடுபட்டிருக்கிறான்.

சுவரொட்டியை மாடு தின்னும்.
பேப்பரில் வடை மடிப்பார்கள்.
காசை எவன் கிழிப்பான்?
ரொட்டிக்கடை, பால்காரி, உண்டியல் என்று சுற்றி
யூதத் தையற்காரன் ஒருவன் கைக்கும் வந்திருக்கும்,
பித்தான் தைத்த கூலியாக.
எண்ணித்தான் வாங்கியிருப்பான்.

அதாவுல்லாவிடம் நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை.
"செல்லாத நோட்டு. மூட்டையில போடு."
போடவில்லை.

ஆம்பூர் பஸ்ஸில் டிக்கெட் போக மீதி
பத்து ரூபாய்.
வெள்ளை இடத்தில், நீல பால்பாயிண்டில்:
'அவனுங்க கடையில வாங்காதே.'
எந்த அவனுங்க என்பதும் எழுதியிருந்தது.
வேற குடுங்க என்றேன்.
"சில்லறை இல்ல சார். இதுவும் செல்லும்."

சட்டைப்பையில் இரண்டும்
ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.
இறங்கி, பால் பூத்தில் நிற்கிறேன்.
சரியாகப் பத்து ரூபாய் குறைகிறது.