ஒப்பீட்டு மாதிரி

காட்பாடி ஆய்வகத்தில் ஏசி படுத்து இரண்டு நாள்.
பிரிசில்லா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
உப்புக் கரைசல் கலக்குகிறாள்.

தலைமுடியை இரண்டாயிரமாய் வகிர்ந்ததில் ஓர் இழை,
அவ்வளவே கனம் இந்த சிலிக்கான் கம்பி.
ஒரு முனை ஊற்று, மறுமுனை வடிகால்.
நடுவே எலக்ட்ரான்கள்
கோடைப் பாலாறு மாதிரி:
மேலே பார்த்தால் மணல்தான்,
தோண்டுகிறவனுக்குத் தெரியும் ஓட்டம்.
கரையில் எதிர்ப்பொருள் நட்டிருக்கிறோம்.
தேடுகிற புரதம் வந்து ஒட்டினால்
அதன் மின்சுமைக்கே ஆறு இளைக்கும்.

மீதியெல்லாம் இரைச்சல்.
மேசையில் முழங்கை வைத்தால் கோடு நடுங்கும்.
ரயில் போனால் நடுங்கும்.
பிரிசில்லா தும்மினாலும்.

ஆம்பூரிலிருந்து நாற்பது ரத்தம் வந்திருந்தது,
தோல் ஷெட் ஆட்கள், பெயரில்லை, எண் மட்டும்.
ஒப்பிட நோயில்லாத ஒன்று வேண்டும்.
"உன்னுதே குடேன்க்கா" என்றாள்.
விரலை நீட்டினேன்.

துளி இறங்கியது.
கோடு சரிந்தது.

கடிகாரம் பார்த்தேன். மூன்றே கால், ரயில் எதுவுமில்லை.
கழுவினோம். வேறு சில்லு.
சரிந்தது.

மூன்றாவதை அவள் போடவில்லை.
பைப்பெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு
ஜன்னல் வழியே மொட்டை மலையைப் பார்த்தாள்.
"ஏசி இல்லல்ல, சூட்டுக்கு அப்படித்தான் காட்டும்."

காட்டும்தான்.
ஆனால் சூடு எல்லாக் கம்பியையும் இழுக்கும்;
பக்கத்துக் கம்பி, எதிர்ப்பொருள் நடாதது,
நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நோட்டில் எழுதினேன்:
ஒப்பீட்டு மாதிரி தகுதியற்றது. வேறு ஆள் தேவை.

பேனாவை மூடும்போது
தன்பாத் வண்டி நுழைந்தது.
இரண்டு கோடும்
ஒன்றுபோல நடுங்கின.